வாய் பேசாத அல்மாஸ்

பள்ளங்கியில் காரட் பிடுங்கப் போகும் பெண்களிடம் ஞானம்மா எப்படி என்று கேட்டுப் பாருங்கள். முதலில் சிரிப்பார்கள், அப்புறம்தான் பதில் வரும். காலையில் காட்டில் கால் வைத்ததிலிருந்து சாயங்காலம் மூட்டை ஏற்றுகிற வரைக்கும் அவள் வாய் ஓயாது. மழை ஏன் பிந்துகிறது, எந்த வண்டிக்காரன் எடையில் ஏமாற்றுகிறான், யார் வீட்டு மருமகள் கோபித்துக்கொண்டு போனாள், எல்லாவற்றுக்கும் அவளிடம் ஒரு பேச்சு உண்டு. அப்பேர்ப்பட்டவள் நாலு வருடம் வாயைத் திறக்காமல், முகத்தைக் காட்டாமல், சொந்தப் பெயரைச் சொல்லாமல் இருந்தாள் என்றால் யார் நம்புவார்கள்? அதுவும் கண்காணாத ஊரில் இல்லை. இதே கொடைக்கானல் மலையில், செண்பகனூர் ரோட்டோரக் கடை ஒன்றில், போகிற வருகிற சனம் அத்தனையும் பார்க்கத்தான் இருந்தாள்.

அவள் பிறந்தது பெரும்பாறைக்குக் கீழே ஒரு காபித் தோட்டத்து லயத்தில். தோட்டத்தின் பெயர் வேண்டாம், அதைச் சொல்லி அதற்கு ஒரு மரியாதை எதற்கு? வரிசையாகப் பத்து அறைகள், ஒரே கூரை, ஒவ்வொரு அறைக்கும் ஒரு குடும்பம். அதைத்தான் லயம் என்பார்கள். அவளுடைய அப்பாவும் அம்மாவும் இலங்கையில் பதுளைப் பக்கம் தேயிலைக் கொழுந்து பறித்தவர்கள். இரண்டு அரசாங்கங்கள் பேசி முடித்துக் கப்பலேற்றி அனுப்பிவிட, இங்கே வந்து இறங்கி, திக்குத் தெரியாமல் நின்று, யாரோ ஒரு ஏஜென்டின் கையில் விழுந்து, முன்பணம் வாங்கிக்கொண்டு இந்தத் தோட்டத்துக்கு வந்தார்கள். அந்த முன்பணத்துக்கு அவர்கள் செத்த பிறகும் வேலை தீரவில்லை. மகள் தலையில் விழுந்தது. மகளைக் கட்டிய கணபதியின் தலையிலும் விழுந்தது. இப்படி ஆளைப் பிடித்து வைப்பது சட்டப்படி குற்றம், என்றைக்கோ ஒழித்தாயிற்று என்று உங்களுக்கும் எனக்கும் தெரியும். லயத்தில் யாருக்கும் தெரியாது. தெரிந்தவன் சேனாதிபதி ஒருவன்தான். அவன் சொல்வானா?

சேனாதிபதி தோட்டத்து மேஸ்திரி. முதலாளி கீழே திண்டுக்கல்லில் இருந்தார், எப்போதாவது வருவார். லயத்துச் சனத்துக்கு சேனாதிபதிதான் சர்க்கார், அவன்தான் கோர்ட்டு. எல்லாருடைய ஆதாரும் ரேஷன் கார்டும் அவன் வீட்டுப் பெட்டியில் கிடந்தன. சந்தைக்குப் போக வேண்டுமா, அவனிடம் கேட்க வேண்டும். போகிறவர்கள் குடும்பத்தோடு போகக் கூடாது, ஒரு பிள்ளையாவது தோட்டத்தில் இருக்க வேண்டும். பிள்ளை இருந்தால் தாய் தகப்பன் திரும்பி வந்துவிடுவார்கள் அல்லவா? வேலி போடாமலே அவன் அந்தத் தோட்டத்துக்கு வேலி போட்டிருந்தான்.

ஒரு தூறல் நாளில் கணபதி ஏணியில் நின்று மிளகு பறித்தான். ஏணி வழுக்கியது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் ஆள் போய்விட்டான். முப்பதாம் நாள் முடிந்த கையோடு சேனாதிபதி ஞானம்மாவைக் கூப்பிட்டு, கேரளாப் பக்கம் ஏலக்காய்த் தோட்டம் ஒன்றுக்கு அவள் போக வேண்டும் என்றான். அங்கே அவனுக்குத் தெரிந்த கான்ட்ராக்டர் இருக்கிறான், கூலி நேரே இங்கே வந்துவிடும், பிள்ளை இங்கேயே இருக்கட்டும். பிள்ளை என்றால் மேனகா. அப்போது எட்டு வயது, சேனாதிபதி வீட்டில் அவன் பேரனுக்குத் தொட்டில் ஆட்டிக்கொண்டிருந்தாள். எப்போது திரும்பி வரலாம் என்று ஞானம்மா கேட்டாள். பார்ப்போம் என்றான். அவன் பார்ப்போம் என்று சொல்லி அனுப்பியவர்களில் ஒருவரும் திரும்பி வரவில்லை.

லயத்துக்குக் கம்பளி விற்க தஸ்தகீர் என்று ஒரு வியாபாரி வருவார். கணபதி செத்ததைக் கேட்டு வாசலில் நின்று கண் கலங்கிய ஒரே வெளியாள் அவர்தான். ஏதாவது ஒன்று என்றால் செண்பகனூருக்கு வா, நம்ம கடை என்று கேட்டால் யாரும் காட்டுவார்கள் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அவள் கிளம்பினாள். மத்தியானம், எல்லாரும் பார்க்க, விறகுக்குப் போகிற மாதிரி கயிறும் அரிவாளுமாக நடந்தாள். மேனகாவைச் சேனாதிபதி வீட்டிலிருந்து கிளப்ப வழியில்லை. கணபதியின் அக்கா காளியாயி அதே லயத்தில் இருந்தாள், அவள் பார்த்துக்கொள்வாள், தஸ்தகீரையும் நாலு பெரிய மனிதர்களையும் கூட்டிக்கொண்டு இரண்டொரு நாளில் திரும்பிவிடலாம் என்று கணக்குப் போட்டாள். பாவி மகள், கணக்குத் தப்பிப் போனது. காட்டு வழியே தாண்டிக்குடி வந்து, பூண்டு ஏற்றிப் போன வேனில் கெஞ்சி ஏறி, செண்பகனூரில் இறங்கிக் கடையைக் கேட்டால், தஸ்தகீர் போன வாரம்தான் நெஞ்சுவலியில் மௌத்தாகிவிட்டார் என்றார்கள்.

கடையில் அவர் மகன் ரஷாத் நின்றான். கல்யாணமாகிப் பிள்ளை குட்டி பெற்றவன்தான், ஆனால் அத்தா இருந்தவரை கல்லாவில் கை வைத்ததில்லை. இந்தப் பெண்ணை என்ன செய்வது என்று தெரியாமல் விழித்தான். அப்போது உள்ளேயிருந்து அவன் அம்மாவின் குரல் வந்தது.

"யாரு ரஷாத்து? பொம்பளையா இருந்தா உள்ள வரச் சொல்லு."

மரியம் பீவி வெள்ளைச் சேலையில் உள்ளறையில் உட்கார்ந்திருந்தார். புருஷனை இழந்த பெண் நாலு மாதமும் பத்து நாளும் வெளியே வராமல், அந்நிய ஆண்களின் கண்ணில் படாமல் வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும். இத்தா இருப்பது என்பார்கள். ஞானம்மா அழுது முடிக்கிற வரைக்கும் பொறுமையாகக் கேட்டார். அப்புறம், எனக்கு இப்போது கைக்கு ஒரு ஆள் வேண்டும், உனக்குத் தலைக்கு ஒரு கூரை வேண்டும், இரு என்று சொல்லிவிட்டார். அந்த அம்மாள் பேச்சு வெட்டு ஒன்று துண்டு இரண்டுதான். மனசு மட்டும் பஞ்சு.

ரெண்டு மூன்று நாளில் சேனாதிபதியின் ஜீப் கடை வாசலில் வந்து நின்றது. தஸ்தகீர் லயத்துக்கு வந்துபோவது அவனுக்குத் தெரியாதா என்ன? மோப்பம் பிடித்து வந்துவிட்டான். உள்ளறையில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த ஞானம்மா அவன் செருமலைக் கேட்டாள். முறத்தை மடியில் வைத்தபடியே இருந்தாள். வீட்டுக்குள் பார்க்க வேண்டும் என்று அவன் படியில் கால் வைத்தான். ரஷாத் குறுக்கே நின்றான். அவனுக்கும் உள்ளூர நடுக்கம்தான், ஆனால் இந்த ஒரு விஷயத்தில் அவனுக்குத் தயக்கம் வரவில்லை.

"அம்மா இத்தாவுல இருக்காங்க. வெளி ஆம்பளைங்க உள்ள வரக் கூடாதுங்க."

லயத்துக் கதவு எதையும் தட்டிப் பழகாதவன் சேனாதிபதி. காலால்தான் தள்ளுவான். அன்றைக்கு அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் எல்லாரும் எட்டிப் பார்க்க, படியிலிருந்து காலை எடுத்துக்கொண்டான். ஆனால் சும்மா போகவில்லை. உள்ளே கேட்கட்டும் என்று சத்தமாகவே சொன்னான். முதலாளி வீட்டுச் சங்கிலியை ஒருத்தி திருடிக்கொண்டு ஓடிவிட்டாள், ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தாயிற்று, ஊர் ஊராகத் தேடுகிறார்கள், இடம் கொடுத்தவர்களும் சேர்ந்து உள்ளே போவார்கள். அவள் பிள்ளைக்குக் காளியாயி ஜாமீன் நிற்கிறாள், பிள்ளையும் காணாமல் போனால் காளியாயி குடும்பத்தின் கதி என்ன என்று தன் வாயால் சொல்ல மாட்டான். திரைக்குப் பின்னால் ஞானம்மா முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். சங்கிலியாவது மண்ணாவது, அவள் அந்தச் சங்கிலியைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை.

ரஷாத் ஸ்டேஷனில் போய் விசாரித்து வரட்டுமா என்று கேட்டான். ஞானம்மா மரியம் பீவியின் காலைப் பிடித்துக்கொண்டாள். விசாரித்தால் மோப்பம் பிடித்து வந்துவிடுவார்கள், தன்னைப் பிடித்தால் மேனகாவுக்கு யாருமில்லை, வேண்டாம், வேண்டவே வேண்டாம் என்றாள். சேனாதிபதி எழுதிக் கொடுத்தேன் என்றால் எழுதிக் கொடுத்ததுதான். லயத்தில் பிறந்தவளுக்கு அதில் சந்தேகமே வராது. அவன் சொல்லி நடக்காத காரியம் ஒன்றை அவள் பிறந்ததிலிருந்து கண்டதில்லையே.

இத்தா நாட்கள் ஓட ஓட அவளுக்குப் பயம் கூடிக்கொண்டே வந்தது. அது முடிந்தால் திரை விலகிவிடும், சொந்தக்காரர்கள், வியாபாரிகள் என்று ஆண்கள் வந்துபோவார்கள். மரியம் பீவிதான் வழி சொன்னார். பழனியிலிருந்து வந்திருக்கும் தங்கச்சி மகள் அல்மாஸ், வாய் பேச வராது என்று ஊருக்குச் சொல்லிவிடலாம். புர்காவும் முகத்திரையும் போட்டால் கண் மட்டும்தான் தெரியும். வாய் ஏன் பேசக் கூடாது என்றால், ஞானம்மா பேசினால் முதல் வார்த்தையிலேயே லயத்துப் பேச்சு வெளியே வந்துவிடும். பெரும்பாறைக்காரர்கள் யாராவது கடைக்கு வந்தால் தீர்ந்தது. ஞானம்மா அல்மாஸ் ஆனாள். ஒரு வாரம் சைகை பழகினாள். கடையில் பொட்டலம் கட்டினாள், ரொட்டி அடுக்கினாள். ஜீப் எதுவும் கடையோரம் மெதுவாகப் போனால் கல்லாவுக்குக் கீழே குனிந்து எதையோ தேடுகிற மாதிரி தேடினாள். தூக்கத்தில் உளறிவிடுவோமோ என்று பயந்து வாயில் துணி கட்டிக்கொண்டு படுத்தாள்.

அப்படி ஒரு வருடம் போல ஓடியது. ஒரு காலையில் ரொட்டித் தட்டை இறக்கிக்கொண்டிருந்தபோது, முதுகுக்குப் பின்னால் ஒரு சின்னக் குரல் இரண்டு பால் பாக்கெட் கேட்டது. ஞானம்மாவுக்குத் திரும்ப வேண்டிய அவசியமே இல்லை. பெற்றவளுக்குத் தெரியாதா? திரும்பினால் மேனகா நிற்கிறாள். யாருடையதோ ஒரு பழைய ஸ்வெட்டர், கை நீளம், மடித்துவிட்டிருந்தது. தலை எண்ணெய் காணாமல் கிடந்தது. செண்பகனூர் வளைவில் புதிதாக விலைக்கு வாங்கிய பங்களா ஒன்றில் முதலாளி குடும்பம் அடிக்கடி வந்து தங்க ஆரம்பித்திருக்கிறது, அங்கே சமையல்காரிக்குக் கையாளாக சேனாதிபதி அவளைக் கொண்டுவந்து விட்டிருக்கிறான். இதையெல்லாம் ரஷாத் விசாரித்து அப்புறம்தான் சொன்னான். அந்த நேரத்தில் ஞானம்மா பால் பாக்கெட்டை எடுத்து நீட்டினாள், சில்லறையை வாங்கினாள். பிள்ளையின் விரல் அவள் உள்ளங்கையில் பட்டது. பிள்ளை போய்விட்டது. அரிசி மூட்டைகளுக்கு நடுவில் போய் உட்கார்ந்து சத்தமில்லாமல் அழுதாள். வாய்விட்டு அழக்கூட அவளுக்கு உரிமை இல்லை, ஊமைக்கு அப்படி அழத் தெரியுமா என்று யாராவது கேட்டுவிட்டால்?

அதிலிருந்து தினமும் இதே பாடு. பிள்ளை வரும், பால் கேட்கும், ரொட்டி கேட்கும், போகும். தாய் எடுத்துக் கொடுப்பாள். ஒரு நாள் கன்னத்தில் விரல் தடம் இருந்தது. ஒரு நாள் காலில் செருப்பில்லை. மரியம் பீவி ஒரு செருப்பை எடுத்து, இது விற்காமல் கிடக்கிறது, போட்டுக்கொள் என்று கொடுத்தார். பிள்ளையைத் தூக்கி உள்ளே வைத்துக்கொள்ள எவ்வளவு நேரம் ஆகும்? ஆனால் அடுத்த நிமிடம் பங்களாவிலிருந்து ஆள் வரும், முதலில் தேடுவது இந்தக் கடையைத்தான். போலீஸ் புகார் வேறு தலைக்கு மேல் தொங்குகிறது. அங்கே காளியாயி அகப்பட்டுக்கொள்வாள். ஞானம்மா எந்தப் பக்கம் யோசித்தாலும் சேனாதிபதி நின்றான்.

கொரோனா வந்தது. ஊர் உலகமெல்லாம் நடுங்கிய காலத்தில் ஞானம்மாவுக்கு மட்டும் கொஞ்சம் மூச்சு வந்தது. எல்லாரும் முகத்தை மூடிக்கொண்டார்கள், யாரும் யார் பக்கத்திலும் வரவில்லை. அவளைப் போலவே ஊரும் ஒளிந்துகொண்டது. சொன்னால் பாவம், அது முடிந்தபோது அவளுக்கு வருத்தமாக இருந்தது.

அந்தத் தைரியத்தில்தான் ஒரு தப்புச் செய்தாள். கடைக்கு உருளைக்கிழங்கு மூட்டை வந்து இறங்கியிருந்தது. ரஷாத் மசூதிக்குப் போயிருந்தான். மழை வருகிற மாதிரி இருந்தது. அவள் ஒரு கயிற்றை வளையமாக முடிந்து மூட்டையில் கோத்து, வளையத்தை நெற்றிக்கு மேலே தலையில் மாட்டி, மூட்டையை முதுகில் ஏற்றிக் குனிந்து நடந்தாள். இந்தப் பக்கத்துச் சனம் தலையில் சுமக்கும், தோளில் சுமக்கும். கயிற்றைத் தலையில் மாட்டி முதுகில் சுமப்பது தேயிலைக் கொழுந்துக் கூடை சுமந்தவர்களின் வழக்கம். ஞானம்மாவின் அம்மா அப்படித்தான் விறகு சுமந்தாள், ஞானம்மாவும் அப்படித்தான் சுமந்தாள். உடம்பு தானாகச் செய்துவிட்டது. பாதி தூரம் வந்து நிமிர்ந்தால், ரோட்டில் மேனகா பால் பையோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஞானம்மா மூட்டையை அப்படியே போட்டுவிட்டு உள்ளே ஓடினாள். மரியம் பீவியிடம் செம்மையாக வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

பிள்ளைக்குத் தெரிந்துவிட்டதா? பங்களாவில் போய்ச் சொல்லிவிடுமோ? மறுநாள் மேனகா வந்தபோது ஞானம்மா அவள் முகத்தையே பார்த்தாள். ஒன்றுமில்லை. வழக்கம்போல் பால் கேட்டது, வாங்கியது, போனது. ஞானம்மாவுக்கு உயிர் திரும்பி வந்தது. கூடவே நெஞ்சுக்குள் ஒரு முள்ளும் தைத்தது. என் பிள்ளைக்கு என்னை அடையாளம் தெரியவில்லையே என்று ராத்திரியெல்லாம் பொருமினாள். மனசு எப்படிப்பட்டது பாருங்கள், தெரிந்துவிடக் கூடாது என்று கும்பிடவும் செய்யும், தெரியவில்லையே என்று அழவும் செய்யும்.

அதற்கப்புறம் மேனகாவுக்கு மறதி வந்துவிட்டது. உப்பு வாங்கிப் போவாள், அரை மணியில் தீப்பெட்டிக்குத் திரும்பி வருவாள், சாயங்காலம் கருவேப்பிலைக்கு ஒரு தடவை. எல்லாவற்றையும் சேர்த்து வாங்கினால் என்ன, இதற்கும் சேர்த்துத்தானே அங்கே அடி விழும் என்று ஞானம்மாவுக்குப் பிள்ளை மேல் கோபம் கோபமாக வந்தது. அப்படியே இன்னும் ஒரு வருடத்துக்கு மேல் போனது. பிள்ளைக்குப் பன்னிரண்டு வயதாயிற்று. முகம் அப்படியே கணபதி.

ஒரு பனிக் காலை. எதிரே வரும் ஆள் தெரியவில்லை. கடையில் யாரும் இல்லை, ரஷாத் உள்ளே சீனி நிறுத்துக்கொண்டிருந்தான். மேனகா வந்து ரொட்டி கேட்டாள். ஞானம்மா எடுத்து வைத்தாள். பிள்ளை பிஸ்கட் ஜாடியைப் பார்த்துக்கொண்டே, குரலைத் தாழ்த்திப் பேசியது.

"அம்மா, என்னைக் கோயம்புத்தூருக்கு அனுப்புறாங்க. மொதலாளி மக வீட்டுக்கு. வர்ற வெள்ளிக்கெழம சேனாதிபதி வந்து கூட்டிட்டுப் போவாரு." ஞானம்மா முகத்திரையில் கை வைப்பதைப் பார்த்துவிட்டு, "நீ பேசாத. ஆளு வருது," என்றாள். ரொட்டியை எடுத்துக்கொண்டு பனிக்குள் போய்விட்டாள்.

உப்புக்கும் தீப்பெட்டிக்கும் தனித்தனியாக ஏன் வந்தாள் என்று ஞானம்மாவுக்கு அப்போதுதான் புரிந்தது. அந்தச் சின்னது ஒரு வருடத்துக்கும் மேலாகத் தாயைத் தெரிந்துகொண்டு, தெரியாத மாதிரி நின்று, அடி வாங்கிக்கொண்டு, யாரிடமும் மூச்சு விடாமல் காவல் காத்திருக்கிறது. தான்தான் பிள்ளையைக் காப்பாற்றுவதாக இவள் நினைத்துக்கொண்டிருந்தாள். உள்ளே போய் மரியம் பீவியின் எதிரில் நின்று முகத்திரையைப் பிடுங்கி எறிந்தாள். ஜெயிலுக்குப் போனாலும் சரி, இனி ஒளிய முடியாது என்றாள்.

கொடைக்கானல் பஜாரில் சத்தியபிரியா என்று ஒரு வக்கீல் இலவசச் சட்ட உதவி முகாம் போடுவதை ரஷாத் பார்த்திருந்தான். அன்றைக்கே அவளிடம் ஓடினான். சத்தியபிரியா முதலில் செய்த வேலை, அந்தத் திருட்டுப் புகார் எங்கே இருக்கிறது என்று விசாரித்ததுதான். மறுநாள் அவளே கடைக்கு வந்து, ஞானம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு சொன்னாள். எந்த ஸ்டேஷனிலும் அப்படி ஒரு புகார் இல்லை. எப்போதுமே இருந்ததில்லை.

ஞானம்மா சந்தோஷப்படுவாள் என்று எல்லாரும் நினைத்தார்கள். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாயில் துணி கட்டிக்கொண்டு படுத்த ராத்திரிகள், கல்லாவுக்குக் கீழே குனிந்த குனிதல், பிள்ளையின் கன்னத்துத் தடத்தைத் தொடாமல் விட்டது, எல்லாம் அவன் வாயிலிருந்து வந்த ஒரு பொய்க்காகவா? வயிற்றெரிச்சல் தாங்காமல் மார்பில் அடித்துக்கொண்டாள். மரியம் பீவி அவள் கைகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அன்றைக்கே ரஷாத்தை அனுப்பிக் கேட்டிருக்கலாம், கேட்கவிடாமல் செய்தது நான்தானே என்று திரும்பத் திரும்பப் புலம்பினாள்.

சத்தியபிரியா கோட்டாட்சியருக்கு மனு எழுதினாள். அவர் நேரில் விசாரித்து, கொத்தடிமையாக வைத்திருந்தார்கள் என்று தெரிந்தால் தாயையும் பிள்ளையையும் அன்றைக்கே விடுவித்து உத்தரவு போடலாம். வெள்ளிக்கிழமைக்கு முன்னால் விசாரணை வைத்துவிட்டார்கள். ஒன்றை மட்டும் வக்கீல் கவலையோடு சொன்னாள். ஆதார், பிறப்புச் சான்று எல்லாம் சேனாதிபதியிடம் இருக்கிறது. தாய்தான் என்று காட்ட இப்போதைக்குப் பிள்ளையின் வாய்ச்சொல்தான். பிள்ளை தெரியாது என்று சொல்லிவிட்டால், மற்ற அத்தாட்சிகளைத் தேடிக் கொண்டுவர நாளாகும். அதற்குள் பிள்ளையை எங்கே கொண்டுபோய் வைப்பார்களோ.

விசாரணை நாளில் ஞானம்மா புர்காவை மடித்து அலமாரியில் வைத்துவிட்டு, மரியம் பீவி கொடுத்த ஒரு நூல் சேலையில் டவுன் பஸ் ஏறினாள். கூடவே மரியம் பீவியும் வந்தார். வெறும் முகத்தில் காற்றுப் பட்டதும் அம்மணமாக நிற்கிற மாதிரி கூசியது. கோட்டாட்சியர் ஒரு பெண்மணி. எதிரே இரண்டு நாற்காலி இருந்தது, உட்காரச் சொன்னார். ஞானம்மா நாற்காலியின் நுனியில் ஒட்டிக்கொண்டாள். லயத்தில் பிறந்தது, வேலை, கணபதி விழுந்தது, எல்லாவற்றையும் சொன்னாள். பேசாமல் கிடந்த தொண்டை கரகரத்தது, இடையிடையே தண்ணீர் குடித்தாள்.

வெளியே ஜீப் வந்து நின்றது. பங்களாவுக்கு அனுப்பிய ஆட்கள் மேனகாவை அழைத்து வந்தார்கள். கூடவே சேனாதிபதியும் வந்தான். அவன் கதவைத் தாண்டி உள்ளே வந்ததும் ஞானம்மாவின் கால்கள் தாமாக எழுந்துகொண்டன. லயத்தில் அதுதான் சட்டம். அவன் வருகிற வழியில் யாரும் உட்கார்ந்திருக்கக் கூடாது. சோறு தின்கிறவன் எழுந்திருப்பான், பிள்ளைக்குப் பால் கொடுக்கிறவள் பிள்ளையோடு எழுந்திருப்பாள். உட்காருங்க என்றார் கோட்டாட்சியர். இன்னொரு தடவையும் சொன்னார். ஞானம்மாவால் முடியவில்லை. முழங்கால் மடங்க மறுத்தது.

சேனாதிபதி பணிவாகக் கும்பிட்டான். தோட்டத்தில் யாரையும் யாரும் பிடித்து வைக்கவில்லை, விருப்பப்பட்டவர்கள் இருக்கிறார்கள், போகிறவர்கள் போகிறார்கள், தான் ஒரு சாதாரண வேலைக்காரன், இந்தம்மா யாரென்றே நினைவில்லை என்றான். கோட்டாட்சியர் மேனகாவைப் பார்த்தார்.

"இவங்க யாருன்னு உனக்குத் தெரியுமா பாப்பா?"

மேனகா நிமிர்ந்து தாயைப் பார்த்தாள். நாலு வருடத்துக்கு அப்புறம் அந்த முகத்தை முழுசாகப் பார்க்கிறாள். அவள் கண் தாயின் முகத்திலிருந்து இறங்கி, எழுந்து நிற்கும் அந்தக் கால்களில் வந்து நின்றது.

"தெரியாதுங்க," என்றாள்.

பால் பாக்கெட் கேட்கிற அதே குரல். கோட்டாட்சியரின் பேனா நின்றது, மரியம் பீவி அல்லா என்றார். சேனாதிபதி, பார்த்தீர்களா மேடம், சின்னப் பிள்ளைக்குப் பொய் சொல்லத் தெரியாது என்று சிரித்தான். இத்தனை வருடம் பட்டது எல்லாம் ஒரு வார்த்தையில் போயிற்றா? என் பிள்ளை போயிற்றா? அப்போதுதான் பிள்ளையின் பார்வை எங்கே நிற்கிறது என்று கவனித்தாள். தன் கால்களைப் பார்த்தாள். சேனாதிபதிக்கு முன்னால் அம்மா எழுந்து நிற்கிறாள் என்றால் அந்தப் பிள்ளைக்கு என்ன அர்த்தம்? இன்னும் அவன்தான் சர்க்கார், இன்னும் அம்மாவைப் பிடித்துவிடுவான், இன்னும் காட்டிக் கொடுக்கக் கூடாது.

ஞானம்மா நாற்காலியைப் பிடித்தாள். உட்கார்ந்தாள். நுனியில் இல்லை, முதுகு சாய, முழுசாக உட்கார்ந்தாள். சேனாதிபதியின் சிரிப்பு நின்றது. எத்தனை வருடப் பழக்கம், இருக்கிற இடம் மறந்து வாய் முந்திக்கொண்டது.

"ஏய், எந்திரிடி."

கோட்டாட்சியர் தலையை நிமிர்த்தி, யாரென்றே நினைவில்லை என்ற பெண்ணை எழுந்திருக்கச் சொன்ன அந்த ஆளை நிதானமாகப் பார்த்தார். அவன் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"ஏலாது சேனாதிபதி," என்றாள் ஞானம்மா. பிறந்ததிலிருந்து அவள் அவன் பெயரை அவனிடம் சொன்னதில்லை. "நான் எந்திரிக்க மாட்டேன். எம் புள்ள முன்னாடி இனி எந்திரிக்கவே மாட்டேன்."

மேனகா சேனாதிபதியைத் திரும்பிப் பார்த்தாள். அவன் ஒன்றும் செய்யவில்லை. செய்ய அவனிடம் ஒன்றும் இல்லை என்று அவளுக்குத் தெரிய ஒரு நிமிடம் ஆயிற்று. அப்புறம் அவனைத் தாண்டி நடந்து வந்து, தாய்க்குப் பக்கத்தில் காலியாக இருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"எங்கம்மாதான்," என்றாள் கோட்டாட்சியரிடம். "எழுதிக்கோங்க மேடம்."